மூன்றாவது அட்டை

பதினொன்றரைக்கு மறுபடி கூப்பிடுகிறேன் என்று சொல்லிச் சுகந்தி போனை வைத்தபோது ஒன்பதரை ஆகியிருந்தது. இரண்டு மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் சுகந்தியின் அப்பா வையாபுரி இருபது கிலோமீட்டரை நடந்து முடித்துக் குளித்துவிட்டு இரண்டு தட்டு இட்லியும் தின்றிருப்பார். அமலோற்பவத்துக்கு ஒரு வார்த்தை பதில் யோசிக்க அது போதாதா என்ன? போதாது போலத்தான் இருந்தது. வையாபுரி போன மாதம் பன்னிரண்டாம் தேதி காலமாகிவிட்டார். தன் நடைப் பந்தய நாட்களைப் பற்றி அவர் எழுதிய 'குதிகால்' என்ற புத்தகத்தை மூன்றாவது தடவை அச்சடிக்கப் போகிறார்கள். "அம்மா அந்தப் பின்னுரையை எடுத்துடுன்னு ஒரே பிடிவாதம் மிஸ். நான் பொய் எழுதினேன்னு அப்பாவே சொல்ற பக்கத்தை, அவர் போனப்புறம் எதுக்குத் திரும்ப அச்சடிச்சு ஊருக்குக் காட்டணும்ங்கறாங்க. எனக்கு எடுக்க மனசில்ல. அச்சகத்துல இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லணும். பக்கத்துல நின்னு பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தான். அப்பா கால் தரையை விட்டுச்சா, இல்லையா? விட்டுச்சுன்னு நீங்க சொன்னா அந்தப் பக்கத்தை எடுத்துடறோம். விடலைன்னா இருக்கட்டும்." இவ்வளவையும் அந்தப் பெண் மூச்சு விடாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவள் த்ரோபால் ஆடிய காலத்திலும் அப்படித்தான், பந்து கைக்கு வந்தால் வைத்துக்கொள்ளத் தெரியாது, உடனே எறிந்துவிடுவாள். யோசிச்சுச் சொல்றேன்மா என்றாள் அமலோற்பவம். சொன்ன பிறகுதான் உறைத்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பார்த்தவர்களுக்குப் பார்த்தது தெரியும். யோசிக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னதிலேயே பாதிப் பதில் போய்விட்டது, சுகந்தி கெட்டிக்காரி, இந்நேரம் அவளுக்குப் புரிந்திருக்கும். புரியட்டும். இல்லை, புரியக் கூடாது. வயதான டீச்சருக்கு ஞாபக மறதி என்று நினைத்துக்கொள்வாள். அறுபத்தொன்பது வயதில் அந்தச் சலுகைகூடக் கிடையாதா?

அரிசியைக் கழுவிக் குக்கரில் வைத்தாள். ஒரு ஆளுக்குச் சமைப்பது போல அலுப்பான வேலை உலகத்தில் வேறொன்று இல்லை. அரை ஆழாக்கு போட்டால் குக்கருக்குப் பற்றாது, ஒரு ஆழாக்கு போட்டால் ராத்திரிக்கும் அதே சோறு, மறுநாள் காலையில் மிச்சத்தைப் பார்க்கும்போது ஏனோ தன்னையே பார்ப்பது மாதிரி எரிச்சல் வரும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். இரண்டு புத்தகங்களும் அங்கேதான் இருந்தன, போன மாதம் பன்னிரண்டாம் தேதியிலிருந்து அங்கேதான் இருக்கின்றன. முதல் பதிப்பு மெலிதானது, அட்டை நீலம், முதுகில் செல்லோடேப் ஒட்டியது. இரண்டாம் பதிப்பு கொஞ்சம் தடிமன், வழுவழுப்பு, ஐந்து வருஷமாகியும் கடையில் இருப்பது போலவே இருந்தது. திறந்தால்தானே அழுக்காகும். முதல் பதிப்பைக் கையில் எடுத்தாள். அது பழகியது. எங்கே திறந்தாலும் மைதானம் வரும் பக்கத்தில்தான் விரியும். திருச்சி பொன்மலையில் ஜி கார்னர் மைதானம், காலை ஐந்தரை மணி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் இருபத்தெட்டு வயது ஆள் ஒருவன் இடுப்பை ஆட்டி ஆட்டி வேகமாக நடக்கிறான், பால் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று சிரிக்கிறார்கள். 'என் நடையைப் பார்த்து இந்த ஊரில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒன்று மைதானத்து வாட்ச்மேன், அவருக்குக் கண் சரியில்லை. இன்னொன்று பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க வரும் ஒரு டீச்சர். என் முட்டி மடங்குகிறது என்று முதலில் சொன்னவர் அவர்தான்.' அவ்வளவுதான். நூற்று எண்பது பக்கத்தில் அமலோற்பவத்துக்கு ஒரு வரி, வாட்ச்மேனோடு சேர்த்து. முதல் தடவை படித்தபோது கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஒரு வரியா? இரண்டு வருஷம், மழை நாளும் பரீட்சை நாளும் போக மிச்ச நாளெல்லாம், பனியில் நனைந்த தரையில் குந்தி உட்கார்ந்து அந்தக் காலைப் பார்த்தவளுக்கு ஒரு வரி. பிறகு யோசித்தபோது அவர் வேண்டுமென்றேதான் சுருக்கியிருக்கிறார் என்று பட்டது. ஊர் வாய் எப்படிப்பட்டது என்று அவருக்கும் தெரியும்.

மிஸ், கொஞ்சம் காலைப் பாருங்க என்பார். அதுதான் அவர் சொல்லும் மொத்தப் பேச்சு. அவள் தன் பள்ளிக்கூடப் பெண்களை வரிசையில் ஓடவிட்டுவிட்டுக் கோட்டோரம் உட்கார்ந்துகொள்வாள். குதிகால் முதலில் தரையில் விழ வேண்டும். விழுந்த கால், உடம்பு அதன்மேல் நேராக வந்து நிற்கும்வரை, மடங்கக் கூடாது. பின்கால் தரையை விடுவதற்குள் முன்கால் தரையைத் தொட்டிருக்க வேண்டும். இரண்டு காலும் ஒரு கணம் சேர்ந்தாற்போல் அந்தரத்தில் இருந்தால் அது ஓட்டம், நடை இல்லை. சொல்லும்போது சுலபம், வேகமாகப் போகிற ஆளிடம் அதைக் கண்ணால் பிடிப்பது பெரிய பாடு. அவள் பிடித்தாள். இடது முட்டி லேசா மடங்குது, வலது பாதம் வெளிப்பக்கம் திரும்புது, இன்னிக்குச் சரியா இருக்கு. ஷூவின் வலது குதியில் தேய்மானம் அதிகம், இடது கணுக்காலில் பழைய தீக்காயத் தழும்பு, அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தாரே ஒரு சாவி, அது நடக்கும்போது டிங் டிங் என்று தட்டும், வேகம் கூடினால் டிங் டிங்கும் கூடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டே அவர் எத்தனையாவது சுற்றில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். முகம்? யோசித்துப் பார்த்தால் முகம் அப்போதெல்லாம் தெரியவே தெரியாது. கீழே உட்கார்ந்து காலைப் பார்க்கிறவளுக்கு முகம் எங்கே தெரியும். பயிற்சி முடிந்ததும் அவர் ரொம்ப நன்றி மிஸ் என்று துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுவதற்குள் சைக்கிளை மிதிப்பார். அடுத்த வருஷம் அவள் நடுவர் பரீட்சை எழுதினாள். எதற்கு எழுதினாய் என்று அம்மா கேட்டதற்குச் சம்பளத்தோடு விடுமுறை கிடைக்கும் என்று சொன்னாள். பொய்தான். புத்தகத்தில் பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொள்ள ஒரு மனுஷருக்கு பத்துப் பக்கமும் இருபது வருஷமும் வேண்டியிருந்தது, அமலோற்பவம் ஒவ்வொரு நாளும் காப்பி குடிக்கிற மாதிரிப் பொய் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

குக்கர் ஒரு தடவை கத்தியது. ஒன்று. மூன்று வந்தால் அணைக்க வேண்டும். அவள் பக்கத்தைப் புரட்டினாள். மெட்ராஸ். கடற்கரைச் சாலை. தேர்வுப் போட்டி. முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவார்கள். இரண்டு கிலோமீட்டர் நீளச் சுற்று, பத்துத் தடவை. வழிநெடுக நடுவர்கள் நிற்பார்கள், யந்திரம் கிடையாது, படம் கிடையாது, வெறுங்கண்தான். தப்பாக நடக்கிறவனுக்கு முதலில் மஞ்சள் பலகையைக் காட்டி எச்சரிக்கலாம். தப்பு நிச்சயம் என்றால் சிவப்பு அட்டையில் அவன் எண்ணை எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு நடுவர் ஒரு ஆளுக்கு ஒரு சிவப்புதான் போட முடியும், மூன்று வேறு வேறு நடுவர்களிடமிருந்து மூன்று வந்துவிட்டால் ஆள் வெளியே. நடுவர்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. இதெல்லாம் வையாபுரி ரொம்பப் பொறுமையாக எழுதியிருக்கிறார், தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று. நான்காவது கிலோமீட்டரில் ஒரு சிவப்பு, ஒன்பதாவதில் இன்னொன்று. இரண்டும் பலகையில் ஏறிவிட்டன. இன்னும் ஒன்று வந்தால் போச்சு. இரண்டாவது இடத்தில் நடக்கிறார். பத்தாவது சுற்றின் தொடக்கம், பதினெட்டு கிலோமீட்டர் தாண்டி உழைப்பாளர் சிலைப் பக்கம் திரும்புகிற வளைவு. 'அந்த வளைவைக் கடந்து ஐந்து நிமிஷத்தில் தலைமை நடுவர் சிவப்புப் பலகையோடு என் முன்னால் வந்து நின்றார். மார்பிலிருந்த எண்ணைக் கழற்றினேன். நான்காக மடித்தேன். ஊசி நான்கும் கையில் இருந்தன, அவற்றை எங்கே போடுவது என்று தெரியவில்லை.' இந்த இடத்தில் எப்போதும் அவளுக்குக் கண் தடுக்கும். ஊசி நான்கும். ஒரு ஆள் வாழ்க்கை போய்விட்டது, அவன் ஊசியை எங்கே போடுவது என்று நிற்கிறான். அடுத்த வரிதான் அவள் சாப்பாடு மாதிரி உண்டு வாழ்ந்த வரி. 'எனக்கு வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. வளைவில் என் கால் தரையை விட்டது உண்மை. நடுவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தது.' தபாலில் வந்த புத்தகத்தை ஆசிரியர் அறையில் பிரித்து நேரே அந்தப் பக்கத்துக்குப் போய் இதைப் படித்தபோது அவள் சத்தம் போட்டு அழுதுவிட்டாள், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஹெட்மிஸ்ட்ரஸ் லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். விட்டது உண்மை. அவரே சொல்கிறார். அப்படியானால் அமலோற்பவம் எழுதியது சரி. அவள் நல்ல நடுவர். நடந்தது எல்லாம் முறைப்படிதான்.

குக்கர் இரண்டோ மூன்றோ கத்திவிட்டது. எத்தனை என்று நினைவில்லை. எழுந்து போய் அணைத்தாள், குறைவாக இருந்தால் கல் மாதிரி இருக்கும், இருக்கட்டும், மோரை ஊற்றிக் கரைத்துக்கொள்ளலாம். முட்டி வலித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். கீழ்வீட்டில் வாஷிங் மெஷின் அதிர்ந்தது. மணி பத்தேகால். நன்றாக இருக்கிறது, சுகந்தி கேட்டால் இதைச் சொல்லிவிடலாமே, உங்கப்பா முதல்ல எழுதினதுதான்மா சரி, வயசானப்புறம் மனசு மாறி வேற மாதிரித் தோணியிருக்கும், எடுத்துடுங்க. அந்த அம்மாளுக்கும் சந்தோஷம். யாருக்கும் நஷ்டமில்லை. செத்தவருக்கு என்ன நஷ்டம்? ஆனால் பின்னுரையை எடுத்துவிட்டால் புத்தகத்தில் மிஞ்சப்போவது அந்த வரி மட்டும்தான், வளைவில் என் கால் தரையை விட்டது உண்மை. இனி யார் படித்தாலும் வையாபுரி ஓடிவிட்டு மாட்டிக்கொண்ட ஆள். காலமெல்லாம் அதுதான். சரி, விட்டதா? பார்த்தாயா? அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள், வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பெண்ணைக் கேட்கிற குரலில். வளைவில் நின்றாய், கையில் அட்டை இருந்தது, பேனா இருந்தது. காலைப் பார்த்தாயா? பார்த்தேன். எப்போது? முந்தைய சுற்றுகளில் பார்த்தேன், ஒன்பது தடவை பார்த்தேன், ஒன்பது தடவையும் சுத்தம், மஞ்சள் பலகைகூடக் காட்டவில்லை. பத்தாவது தடவை? இந்த இடத்துக்கு வந்ததும் அவள் நினைவு எப்போதும் வேறு பக்கம் போய்விடும், சமையலுக்கு, மருந்துக்கு, கரண்ட் பில்லுக்கு. இன்றைக்கும் போயிற்று. பிளட் பிரஷர் மாத்திரை போட்டோமா? போட்டாயிற்று. சரி, பத்தாவது தடவை?

அதற்கு முன்னால் செல்லையா சார் வருகிறார். அவரைச் சொல்லாமல் பத்தாவது தடவையைச் சொல்ல முடியாது. திருச்சியிலிருந்து வந்த இன்னொரு அதிகாரி, வெற்றிலைவாய், கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, வாய்தான் சும்மா இருக்காது. அன்று விடிகாலை டீ குடிக்கும்போது பத்துப் பதினைந்து பேர் நடுவே சொன்னார், "நம்ம ஊரு ஆளுக்கு அமலா மிஸ் அட்டை போடுவாங்களாக்கும்? ரெண்டு வருஷமா காலைப் பிடிச்சுவிட்டவங்களாச்சே!" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறென்ன செய்வாள். முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகவில்லை, மைதானத்தில் இருட்டுப் பிரியாத நேரத்தில் ஒரு ஆளின் காலடியில் உட்கார்ந்திருக்கிறாள், அந்த ஆளுக்கு ஆறு மாதம் முன்புதான் கல்யாணமாகியிருக்கிறது. பொன்மலையில் பேசுகிறார்கள் என்று தெரியும், மெட்ராஸ் வரை வந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வளைவில் தன் இடத்துக்குப் போனாள். ஒன்பது சுற்றும் அவர் கடக்கும்போது அவள் கண் காலைப் பார்த்தது, முதுகோ செல்லையா சார் நின்ற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்தாவது சுற்றில் அவர் வளைவுக்கு வந்தார். வெயில் ஏறியிருந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள். ஏன் நிமிர்த்தினாள்? நடுவர் நடக்கிறவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, பரீட்சையில் முதல் பாடமே அதுதான், கால், கால், கால். கடைசிச் சுற்றாயிற்றே, ஜெயிக்கப் போகிறாரே என்று இருந்திருக்கலாம். நிமிர்ந்தாள். அவர் முகம் நேரே அவள் பக்கம் இருந்தது. சிரித்தார். வாய் நிறைய, பல் தெரிய, யாருக்கும் மறைக்காத சிரிப்பு, பட்டப்பகலில், செல்லையா சார் பார்க்க, நடுரோட்டில். இரண்டு வருஷத்தில் அந்த முகத்திலிருந்து அவளுக்கு வந்த முதல் சிரிப்பு. அவளுக்கு உடம்பு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கணம்தான். அடுத்த கணம் பயம் பிடித்துக்கொண்டது. எல்லாரும் பார்த்திருப்பார்கள், பார்த்தீங்களா சார் நான் சொன்னேனே என்று செல்லையா சார் யாரையோ முழங்கையால் இடிப்பார், இன்றைக்கு நான் சும்மா நின்றால் நாளைக்கு என் பேர் தெருவில் கிடக்கும். பேனா ஓடியது. எண் இருபத்து மூன்று. தரைத் தொடர்பு இழப்பு. நேரம், கையெழுத்து. அட்டையைக் கொண்டுபோகிறவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவள் மறுபடி காலைப் பார்த்தபோது அவர் இருபது அடி தள்ளிப் போயிருந்தார், குதிகால் ஒழுங்காகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

பார்த்தீங்களா, நிச்சயமா என்று தலைமை நடுவர் பிறகு கேட்டார், மஞ்சள்கூடக் காட்டாமல் நேரே சிவப்பு போட்டதற்காக. பார்த்தேன் சார் என்றாள். ஒரு வார்த்தை. செல்லையா சார்தான் அசந்துபோனார், சபாஷ் மிஸ், ஊராவது உறவாவது என்று சாயங்காலம் எல்லார் முன்னாலும் சொன்னார். பேர் தெருவில் கிடக்கவில்லை. வையாபுரிக்கு அடுத்த வருஷம் கெண்டைச் சதை கிழிந்தது, அதற்கடுத்த வருஷம் வயதாகிவிட்டது என்றார்கள், ஆள் வெளிநாட்டு மண்ணைக் கடைசிவரை மிதிக்கவில்லை. அவள் ஜி கார்னருக்குப் போவதை நிறுத்தினாள். பெண்களுக்குப் பயிற்சியைப் பள்ளிக்கூட முற்றத்துக்கு மாற்றினாள். நடுவர் வேலையையும் விட்டாள், முட்டி வலி என்று காரணம் சொன்னாள், அப்போது முட்டி இரும்பு மாதிரி இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பை மட்டும் விடவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. அட்டை எழுதிய பாவத்தை வேறு வார்த்தையில் சுற்றி வளைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள், அதற்குப் பரிகாரமாகப் பத்துத் தடவை அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சிரிப்பைச் சொல்லவில்லை. அது பாவமில்லையே. அம்மா போனபோது, தம்பி குடும்பத்தோடு மஸ்கட் போனபோது, ஓய்வு பெற்ற மறுநாள் எங்கேயும் போக வேண்டியதில்லை என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது, அதை எடுத்துப் பார்ப்பாள். ஒருத்தர் பதினெட்டு கிலோமீட்டர் நடந்து களைத்து வந்து தன்னைப் பார்த்ததும் சிரித்தார். அவ்வளவு போதும் என்று இருந்தது. போதாத நாளும் இருந்தது.

மணி பதினொன்று பத்து. இரண்டாம் பதிப்பைத் திறந்தாள். கடைசிப் பத்துப் பக்கம், 'பின்னால் யோசித்தவை'. ஐந்து வருஷம் முன்பு கூரியர்காரன் கொடுத்த அன்றைக்கு நின்றபடியே ஒரு தடவை படித்தது, அப்புறம் பீரோமேல் போட்டது. இன்றைக்கு உட்கார்ந்து படித்தாள். 'இந்தப் புத்தகத்தில் ஒரு பொய் இருக்கிறது. வளைவில் என் கால் தரையை விட்டது என்று எழுதினேன். விடவில்லை. முதல் இரண்டு அட்டையும் சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு குதிகாலையும் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தேன். மூன்றாவது ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியாது. அதைப் போட்டவர் என் காலை என்னைவிட நன்றாக அறிந்தவர். அந்தப் போட்டிக்குப் பிறகு அவர் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். எனக்கு வருத்தமில்லை என்று தெரிந்தால் வருவார் என்று நினைத்து அப்படி எழுதினேன். அவர் வரவில்லை. வராதபோது பொய் எதற்கு?' வராதபோது பொய் எதற்கு. இந்த மேலப்புதூர் வீட்டிலிருந்து பொன்மலைக்கு இருபது நிமிஷம், டவுன் பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று. முதல் பதிப்பு வந்தபோது போயிருக்கலாம், அழுததற்குப் பதிலாக. இரண்டாம் பதிப்பு வந்தபோது போயிருக்கலாம், ஐந்து வருஷம் அந்த மனுஷர் உயிரோடு அந்த வீட்டில்தான் இருந்தார். போய் என்ன சொல்வது? நீங்க சிரிச்சீங்க, அதான் என்றா? இறந்த அன்றைக்குக்கூடப் போகவில்லை. ஆட்டோ கூப்பிட்டு, வந்து நின்ற ஆட்டோவை முட்டி வலிக்கிறது என்று திருப்பி அனுப்பினாள், அதற்குள் முட்டி நிஜமாகவே வலிக்கத் தொடங்கியிருந்தது. ஏன் அட்டை வந்தது என்று தெரியாமலே ஒரு மனுஷர் போய்விட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை இனி யாரிடம் சொன்னாலும் அவருக்குப் போகாது. மகளிடம் சொல்லலாம். சொன்னால் மகள் அம்மாவிடம் சொல்வாள், அந்த அம்மாள் பேர் தனபாக்கியம், ஒரே ஒரு தடவை ரேஷன் கடையில் பார்த்தது, கட்டை குட்டையாக, இடுப்பில் சுகந்தி. புருஷன் இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தான் என்று அவர் செத்த முப்பதாவது நாள் கேட்க வேண்டுமா அவளுக்கு? அதனால் சிரிப்பைச் சொல்லாமல் விட்டுவிடலாம், காலைச் சரியாகப் பார்க்கலம்மா என்று மட்டும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் பிறகு எதைப் பார்த்தீங்க என்பாள் சுகந்தி, பந்தை உடனே எறிகிறவள். போன் அடித்தது. பதினொன்று இருபத்தைந்துதான் ஆகியிருந்தது.

"மிஸ், அச்சகத்துல ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க, அதான் முன்னாடியே பண்ணிட்டேன். அம்மாவும் பக்கத்துல இருக்காங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பரவால்லயா?"

"பரவால்லம்மா" என்றாள் அமலோற்பவம். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விட்டுச்சு என்ற வார்த்தை நாக்கிலேயே இருந்தது. சொன்னால் முடிந்துவிடும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், இந்த வீட்டில் மறுபடி வாஷிங் மெஷின் சத்தம்தான் கேட்கும்.

"அப்பா கால் தரையை விடல" என்றாள்.

"விடலையா?"

"விட்டுச்சான்னு நான் பார்க்கவே இல்லம்மா. கால் பக்கம் நான் பார்க்கல. முகத்தைப் பார்த்தேன். அவரு என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. எங்களைப் பத்தி அப்ப ஊருல ஒரு மாதிரி பேசிட்டு இருந்தாங்க. ஒண்ணும் கிடையாதும்மா, சத்தியமா ஒண்ணும் கிடையாது, கால் பார்த்துச் சொல்வேன், அவ்வளவுதான். ஆனா அவர் சிரிச்சதும் எனக்குப் பயம் வந்துருச்சு. எல்லாரும் பார்த்திருப்பாங்கன்னு. அந்தப் பயத்துல எழுதிட்டேன். சிவப்பு எழுதிட்டேன். அந்தப் பக்கத்தை எடுக்காதீங்க. அவர் எழுதினதுதான் நிஜம். ஏன் அட்டை வந்துச்சுன்னு தெரியாதுன்னு எழுதியிருக்காரே, அதுக்குக் கீழ இதையும் போட்டுக்கங்க. என் பேரைப் போட்டே போடுங்க."

மின்விசிறி சுற்றுவது கேட்டது, யார் வீட்டு மின்விசிறி என்று தெரியவில்லை. சுகந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இரு என்று ஒரு குரல் தடுத்தது. தனபாக்கியம். அழப் போகிறாள், இல்லை, திட்டப் போகிறாள், திட்டட்டும், முப்பத்தேழு வருஷத்துக்கு யாராவது ஒருத்தர் திட்ட வேண்டும்.

"டீச்சர்" என்றாள் தனபாக்கியம். கோபம் இல்லாத குரல், சளி பிடித்தது போல இருந்தது. "எப்ப சிரிச்சாரு?"

"கடைசிச் சுத்துல. பதினெட்டு தாண்டி."

"அது சிரிப்பில்ல டீச்சர்" என்றாள். "பதினைஞ்சு தாண்டிட்டா அவருக்கு வாய் அப்படி இழுத்துக்கும். விலா புடிச்சு வலிக்கும், வலியில பல்லைக் கடிப்பாரு, பார்க்கிறவங்களுக்கு ஈன்னு சிரிக்கிற மாதிரியே இருக்கும். ஞாயித்துக்கிழமை ரோட்டுல நீள நடை போறப்ப நான் தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டு சைக்கிள்ல கூடவே போவேன்ல, கல்யாணமான புதுசுல நானும் ஏமாந்திருக்கேன். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாருன்னு நானும் திருப்பிச் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து, ஏண்டி நான் உசிரு போயி வர்றேன், நீ பல்லைக் காட்டுறியான்னு கத்துவாரு. அப்புறந்தான் தெரிஞ்சுது. அந்த நேரத்துல அவருக்கு எதிர்ல யார் நின்னாலும் கண்ணு தெரியாது டீச்சர்."

"அப்படியா" என்றாள் அமலோற்பவம்.

"ஆமா. நீங்க அதுக்காகவா பயந்தீங்க." தனபாக்கியம் பெருமூச்சு விட்டாள். பிறகு மகளிடம், "அந்தப் பக்கம் இருக்கட்டும்டி, எடுக்க வேணாம்" என்பது கேட்டது.

சுகந்தி நன்றி சொன்னாள், அச்சகத்துக்குப் பேசிவிட்டுச் சாயங்காலம் வந்து எழுதி வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள், மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா மிஸ் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரிம்மா என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் போனைக் கீழே வைத்தாள். வளைவு இன்னும் கண்முன் இருந்தது, வெயில் இருந்தது, அவர் வந்துகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தாள். பல் தெரிந்தது. இப்போது எவ்வளவு பார்த்தாலும் அது வலியாகத்தான் இருந்தது. அவள் அங்கே நின்றதே அவருக்குத் தெரிந்திருக்காது.